ஆர்டிஸ் வலை பிடித்தபோது

வெர்லின் ஓப்டால் கேட்க வேண்டியதைப் படகில் வைத்துத்தான் கேட்பது என்று முடிவு செய்ததற்குக் காரணம் காதல் அல்ல, கோழைத்தனம். வீட்டில் வைத்துக் கேட்டால் ஆர்டிஸ் எழுந்து போய்விடலாம். சாப்பாட்டுக் கடையில் கேட்டால் பக்கத்து மேஜைக்காரர் முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடுவார். சிப்பெவா ஆற்றின் நடுவில், நவம்பர் மாதத் தண்ணீரில், யாரும் எங்கேயும் எழுந்து போக முடியாது. இதைப் பெரிய தந்திரம் என்று வெர்லின் முதலில் நினைத்தார். பிறகு சவரம் செய்யும்போது கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தார். ஒரு பெண்மணியைத் தன்னோடு இருக்கச் சொல்வதற்கு அவரைச் சுற்றி நாலு பக்கமும் பனித்தண்ணீரை நிறுத்தி வைக்க வேண்டியிருக்கிறதே என்று அந்த முகத்தைப் பார்த்து வெட்கப்பட்டார்.

கேட்க வேண்டியது ஒரே வாக்கியம். ஆர்டிஸ் க்ருகர் வருஷா வருஷம் மான் வேட்டை தொடங்குவதற்கு முன்பே அரிசோனாவில் இருக்கும் மகள் கெய்ல் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். இங்கே பனி உருகி, சாலையில் சேறு காய்ந்த பிறகுதான் திரும்புவார். இந்த வருஷமும் திங்கட்கிழமை விமானம். அதற்குள், “ஆர்டிஸ், இந்தக் குளிர்காலம் நீங்க போகாம என் வீட்டுலயே இருந்துடுங்க” என்று வெர்லின் சொல்லியாக வேண்டும். குளிர்காலம் என்பது ஒரு பேச்சுக்குத்தான். அவர் மனதில் இருந்தது மிச்சமுள்ள எல்லாக் காலமும். கேள்வியைச் சின்னதாக வைத்தால் ‘முடியாது’ என்ற பதிலும் சின்னதாகவே வரும் என்று ஒரு கணக்கு. கார் கொட்டகையில் நின்று அந்த வாக்கியத்தைப் பல முறை சொல்லிப் பார்த்தார். அங்கே நன்றாகத்தான் வந்தது. பனி வாரும் இயந்திரம் மறுப்பேதும் சொல்லவில்லை.

பேசுவது அவருக்கு இவ்வளவு பெரிய காரியமாக இருந்ததற்கு ஒரு கதை உண்டு. பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்த நாட்களில் அவருக்கு ஒரு மனைவி இருந்தார். ஜெனெட் என்று பெயர். நல்ல பெண்மணி. ஒருநாள் பெட்டியோடு வாசலில் நின்று, “இந்த வீட்டுல உன்னைவிட ஃப்ரிட்ஜ் அதிகமா பேசுது வெர்லின்” என்று சொல்லிவிட்டுப் போனவர் திரும்பவில்லை. அதற்கு வெர்லினுக்குச் சரியான பதில் ஒன்று தோன்றத்தான் செய்தது. ஆனால் அது தோன்றும்போது ஜெனெட்டுக்கு வேறு கல்யாணம் ஆகியிருந்தது.

வெர்லின் கெட்டவர் இல்லை. யார்மேலும் கைநீட்டியது கிடையாது, குடித்துவிட்டு விழுந்தது கிடையாது. மனம் புண்பட்டால் வாய் தானாக மூடிக்கொள்ளும், அவ்வளவுதான். மூடினால் திறக்க நாள் கணக்காகும். எங்கள் பக்கத்து ஆண்களில் பாதிப் பேர் அப்படித்தான். மீதிப் பாதி மீனைப் பற்றி மட்டும் பேசுவார்கள். வெர்லினுக்கு இரண்டு பாதியிலும் இடம் உண்டு.

மீன் பிடிப்பதிலும் எங்கள் ஊர் இரண்டு கட்சி. ஒன்று வாலாய் கட்சி. வாலாய் என்பது பளிங்குக் கண்ணுள்ள, முழங்கை நீள மீன். பிடித்து, முள் எடுத்து, மாவில் புரட்டிப் பொரித்தால் சண்டை போட்ட குடும்பமும் ஒரே மேஜையில் உட்காரும். இந்தக் கட்சிக்காரர்கள் சாப்பிடுவதற்காகப் பிடிக்கிறார்கள், ஆகவே புத்தியுள்ளவர்கள். இன்னொன்று மஸ்கி கட்சி. மஸ்கிக்கு ஒரு பள்ளிக்கூடப் பையன் நீளம், வாய் நிறையப் பல். நாளெல்லாம் தூண்டில் வீசித் தோள்பட்டை கழன்றாலும் கிடைக்காது. எப்போதாவது கிடைத்தால் அளந்து, குழந்தையைப் போல மார்போடு அணைத்துப் படம் எடுத்து, மறுபடி ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும். மஸ்கியைச் சாப்பிட்டவனைவிடத் தேவாலயக் காணிக்கைப் பெட்டியை உடைத்தவனுக்கு எங்கள் ஊரில் மரியாதை அதிகம். ஆர்டிஸ் வாலாய் கட்சி. வெர்லின் எந்தக் கட்சி என்று சொல்லத் தேவையில்லை. அந்த வருஷம் வசந்தம் முதல் அன்றுவரை ஒரு மஸ்கிகூட அவர் முகத்தில் விழிக்கவில்லை.

காலையில் இரை வாங்கப் போனபோதே விஷயம் ஊருக்குத் தெரிந்திருப்பது தெரிந்துவிட்டது. இரைக்கடை பெர்னிஸ் தொட்டியிலிருந்து சின்ன மீன்களை அள்ளிக்கொண்டே அவரை மேலும் கீழும் பார்த்தார்.

“என்ன வெர்லின், மொகமெல்லாம் பளபளன்னு இருக்கு.”

“குளிருது. அதான்.”

“குளிருக்குத் தாடி வளப்பாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். எடுப்பாங்கன்னு இப்பத்தான் கேக்கறேன்.”

“இரையப் போடுங்க பெர்னிஸ்.”

“போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். ஆர்டிஸ் திங்கக்கெழம கெளம்பறாங்க, தெரியும்ல?”

“ம்.”

“இந்த ‘ம்’முதான் வேணாங்கறேன். அவங்க புருஷன், அந்த லாயிட் மனுஷன், காலம் பூரா ‘ம்’ சொல்லியே அந்த அம்மாவ நோகடிச்சாரு. செத்தப்பகூட ஒரு ‘ம்’மோடதான் போனாரு.”

“நான் மஸ்கி பிடிக்கப் போறேன்.”

“அதத்தான் நானும் சொல்றேன்,” என்றார் பெர்னிஸ், வாளியை நீட்டியபடி. “போய் எதையாவது பிடிங்க.”

வெர்லின் வாளியை வாங்கிக்கொண்டு வண்டிக்கு வந்தார். பெர்னிஸ் சொன்னதற்கு நல்ல பதில் ஒன்று படகுத்துறைக்குப் பாதி வழியில் தோன்றியது.

ஆர்டிஸ் துறையில் காத்திருந்தார். மான் வேட்டைக்காரர்களின் ஆரஞ்சு நிறக் குல்லாய், காலஞ்சென்ற லாயிடின் பெரிய கோட்டு, கையில் ஒரே ஒரு குட்டைத் தூண்டில், இன்னொரு கையில் சாண்ட்விச் பை. அவருடைய மீன்பிடி சாமான் முழுவதும் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் அடங்கிவிட்டது. வெர்லின் தன் சாமான்களை இறக்க மூன்று தடவை நடந்தார். தடித்த கழிகள், போலி மீன்கள் அடுக்கிய பெட்டி, அளவுப் பலகை, கொக்கி வெட்டும் குறடு, கடைசியாக அந்தக் கைவலை. தொட்டிலில் பிள்ளையைப் போடுவதைப் போல ஒரு ஆளையே அதில் போட்டு ஆட்டலாம்.

“கல்யாண வீட்டுக்குச் சீர் வரிசை கொண்டு வர்ற மாதிரி இருக்கு,” என்றார் ஆர்டிஸ்.

வெர்லினுக்குக் காது சிவந்தது. கல்யாணம் என்ற சொல்லை இவரே எடுத்துக் கொடுத்துவிட்டார், இப்போதே கேட்டுவிடலாம். ஆனால் படகு இன்னும் கரையில்தான் இருந்தது. “மோட்டார் ஸ்டார்ட் ஆகுதான்னு பாக்கறேன்,” என்றார்.

ஆறு டிகாஷன் நிறத்தில் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. கரையில் இலை ஒன்றும் மிச்சமில்லை. கழியின் வளையங்களில் ஈரம் உறைந்து தூண்டில் நரம்பு ஓடாமல் மாட்டிக்கொள்ள, வெர்லின் ஒவ்வொரு வீச்சுக்கும் நடுவில் கழியின் நுனியைத் தண்ணீருக்குள் விட்டுப் பனியைக் கரைத்தார். வீசினார், இழுத்தார், கரைத்தார். சாண் நீளமுள்ள போலி மரமீன், அதன் வயிற்றில் மும்முனைக் கொக்கிகள் தொங்க, போய் விழுந்து வெறுங்கையோடு திரும்பி வந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த ஆர்டிஸ் ஈயத் தலை வைத்த கொக்கியில் ஒரு சின்ன மீனைக் கோத்து ஆற்றின் அடியில் இறக்கிவிட்டு, கையைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் ஒரு வாலாய். இன்னும் கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. ஒவ்வொரு தடவையும் மன்னிப்புக் கேட்கிற குரலில், “இன்னொண்ணு,” என்றார்.

“நல்ல மீன்,” என்றார் வெர்லின்.

“உங்களுக்கும் பொரிச்சுத் தர்றேன். பிடிக்கலன்னு யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.”

“மஸ்கி பிடிக்கறவனுக்குப் பொறும வேணும் ஆர்டிஸ்.”

“அது சரி. வேற என்ன வேணும்? பிடிச்சு, அளந்து, கட்டிப்பிடிச்சு, திரும்பத் தண்ணில விடறீங்க. மீனுக்கும் ஒண்ணும் பிரயோஜனமில்ல, உங்களுக்கும் ஒண்ணும் பிரயோஜனமில்ல. சும்மா ரெண்டு பேரும் பயந்ததுதான் மிச்சம்.”

வெர்லின் சிரித்தார். ஆர்டிஸோடு இருக்கும்போது சிரிப்பு தானாக வந்துவிடுகிறது. ஜூன் மாதத்தில் படகுத்துறையில் அவருடைய வண்டியின் டயர் சேற்றில் சிக்கி, வெர்லின் தள்ளிவிட்டு முழங்கால்வரை சேறான நாளிலிருந்து இப்படித்தான். அன்றும் ஆர்டிஸ்தான் பேசினார். கோடை முழுவதும் ஆர்டிஸ்தான் பேசினார். அந்தப் பேச்சு இல்லாமல் தன் சமையலறை ஏப்ரல் மாதம்வரை எப்படி இருக்கும் என்பதை வெர்லின் ஒரு வாரமாக நினைத்துப் பார்த்துவிட்டார். நினைத்ததில் தூக்கம் போனதுதான் மிச்சம்.

சாண்ட்விச்சைப் பிரித்துக் கொடுத்தபோது ஆர்டிஸ் சொன்னார்: “அரிசோனா எனக்குப் பிடிக்கவே பிடிக்காது, தெரியுமா? எங்க பாத்தாலும் கல்லு. நடுவுல ஒரு முள்ளு மரம், அதுவும் கைய மேல தூக்கிட்டு நிக்கும், போலீசக் கண்ட மாதிரி.”

“அப்ப ஏன் போறீங்க?”

தான் கேட்ட கேள்வி வெர்லினுக்கே ஆச்சரியமாக இருந்தது. ஆர்டிஸ் தூண்டில் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்.

“கெய்ல் வாய மூட மாட்டா. அதுக்குத்தான். ஒரு தடவ லாயிடோட ரம்பத்தப் பக்கத்து வீட்டுக்கு இரவல் குடுத்துட்டேன். அவரக் கேக்கல. அதுக்கு அவரு பனி விழ ஆரம்பிச்சதுலேர்ந்து பனி உருகற வரைக்கும் எங்கிட்டப் பேசல. சாப்பிடுவாரு, தூங்குவாரு, விறகு வெட்டுவாரு. பேச்சு மட்டும் கெடையாது. வெர்லின், சத்தம் போட்டா எனக்கு ஒண்ணுமில்ல. தட்டத் தூக்கி எறிஞ்சாக்கூட பெருக்கி அள்ளிட்டுப் போயிட்டே இருப்பேன். ஆனா அப்படி உக்காந்திருந்தா, நான் இருக்கேனா செத்துட்டேனான்னு எனக்கே தெரியாமப் போயிடுது. இன்னொரு தடவ அந்த மாதிரி ஒரு வீட்டுல குளிர்காலத்த ஓட்ட எனக்குத் தெம்பு இல்ல.”

வெர்லின் கையிலிருந்த மான்கறிச் சாண்ட்விச்சை ஓரத்தில் வைத்தார். இவருக்குத் தெரியுமா? ஃப்ரிட்ஜ் விவகாரம் ஊரில் யாருக்குத்தான் தெரியாது. தெரிந்துதான் சொல்கிறார். எச்சரிக்கிறாரா, இல்லை கதவைத் திறந்து வைக்கிறாரா என்று வெர்லினுக்குப் பிடிபடவில்லை. பெண்களின் பேச்சில் இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்திருந்தால் அவர் இந்த வயதில் கார் கொட்டகையில் நின்று இயந்திரத்திடம் ஒத்திகை பார்த்திருக்க மாட்டார்.

அவர் எழுந்து நின்று மரமீனை வீசினார். ஆர்டிஸின் முகத்தைப் பார்த்துக்கொண்டு கேட்பது நடவாத காரியம். வீசிவிட்டு, இழுத்துக்கொண்டே, தண்ணீரைப் பார்த்துக் கேட்டுவிடலாம். மரமீன் விழுந்தது. கைப்பிடியைச் சுற்றத் தொடங்கினார்.

“ஆர்டிஸ்.”

“சொல்லுங்க.”

“இந்தக் குளிர்காலம்...”

“ஆமா.”

“இந்தக் குளிர்காலம் நீங்க போகாம, என்...”

மரமீன் படகை நெருங்கியது. அதற்குப் பின்னால், ஒரு கை தூரத்தில், டிகாஷன் நிறத் தண்ணீருக்குள்ளிருந்து ஒரு மரக்கட்டை மெதுவாக மேலே வந்தது. மரக்கட்டைக்குக் கண் இருந்தது.

இந்த இடத்தில் எங்கள் ஊர் ஆண்களைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். மஸ்கி இரையின் பின்னாலேயே படகுவரைக்கும் வரும், ஆனால் கடிக்காது. கொஞ்சம் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடும். அதைக் கடிக்க வைக்க ஒரே வழி, இரையை வெளியே எடுக்காமல், கழியைப் பாதி தண்ணீருக்குள் அமுக்கி, படகின் ஓரத்திலேயே பெரிய எட்டாகச் சுற்றிச் சுற்றி இழுப்பது. வண்டி லைசென்சுக்கு எட்டு போடுகிறவர்களுக்குக்கூட இவ்வளவு பயபக்தி இருக்காது. எட்டு போடும்போது நிறுத்தக் கூடாது, அசையக் கூடாது, பேசக் கூடாது. இது சின்ன வயதிலேயே உடம்பில் ஊறிவிடுகிறது. வீடு தீப்பிடித்தாலும் எட்டை முடித்துவிட்டுத்தான் வாளியைத் தேடுவார்கள்.

வெர்லின் குனிந்து எட்டு போடத் தொடங்கினார். கேள்வி பாதியில் நின்றது.

“என்?” என்றார் ஆர்டிஸ். “என் என்ன வெர்லின்?”

“ஷ்ஷ்,” என்றார் வெர்லின்.

சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. ஒரு பெண்மணியைத் தன் வீட்டுக்கு வாழ அழைத்துக்கொண்டிருக்கும்போதே அவர் வாயை அடைத்த முதல் ஆள் மாநிலத்திலேயே தானாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. தோன்றிய பிறகும் கை நிற்கவில்லை. முதல் எட்டு. மஸ்கி கூடவே திரும்பியது. இரண்டாவது எட்டு. தன் வாழ்க்கை இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறது, மீன் அந்தப் பக்கம் சுற்றுகிறது, முட்டாள், நிமிர்ந்து பார், என்று வெர்லின் தன்னைத் திட்டிக்கொண்டார். மூன்றாவது எட்டின் வளைவில் மீன் வாயைத் திறந்தது, மரமீன் காணாமல் போனது, கழி வில்லாக வளைந்து படகின் ஓரத்தில் மோதியது.

அதற்குப் பிறகு நடந்தது அவருக்குச் சரியாக ஞாபகம் இல்லை. மீன் படகுக்கு அடியில் ஓடியது, வெர்லின் முழங்காலில் விழுந்தார், சாண்ட்விச் ஆற்றில் போனது, குல்லாய் கண்ணை மறைத்தது. மீன் ஒரு தடவை மேலே எழும்பித் தலையை உதறியபோது அதன் முழு நீளமும் தெரிந்தது. அந்த நீளத்தில் ஒரு மீனை வெர்லின் இரைக்கடைச் சுவரில் படமாகத்தான் பார்த்திருக்கிறார்.

“வலை,” என்றார். “வலைய எடுங்க.”

ஆர்டிஸ் தன் தூண்டிலைப் போட்டுவிட்டு அந்தத் தொட்டில் வலையைத் தூக்கினார். நாற்பது வருஷமாகச் சின்ன வலையில் வாலாயை அள்ளிப் பழகிய கை. களைத்துப்போன மீன் ஒருக்களித்துப் படகோரம் வந்தபோது, வெர்லின் அதன் தலையை வலைப் பக்கம் திருப்புவதற்குள், ஆர்டிஸ் கடாயில் பொரியும் மீனுக்கு அடியில் கரண்டி விடுவதைப் போலப் பின்னாலிருந்து ஒரே வீச்சில் அள்ளினார். வாயில் மாட்டாமல் வெளியே தொங்கிக்கொண்டிருந்த இன்னொரு கொக்கி வலைக்கண்ணில் சிக்கியது. இப்போது மரமீனின் ஒரு பக்கம் வலையில், ஒரு பக்கம் மீன் வாயில், மீனோ வலைக்கு வெளியே. மஸ்கிக்கு வேண்டியது அதுதான். அது ஒரு தடவை முறுக்கியது. பட்டென்று விட்டுப் போயிற்று.

மீன் உடனே ஓடவில்லை. படகோரத்தில் சற்று நேரம் அப்படியே நின்று, இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, அவசரமில்லாமல் ஆழத்துக்கு இறங்கியது. வலையில் மரமீன் மட்டும் தொங்கியது.

“போயிடுச்சு,” என்றார் ஆர்டிஸ். பிறகு, “என் தப்புதான்,” என்றார்.

வெர்லின் பதில் சொல்லவில்லை. வலையை வாங்கி, மடியில் போட்டுக்கொண்டு, கொக்கிகளை ஒவ்வொன்றாகக் கண்ணியிலிருந்து பிரிக்கத் தொடங்கினார். அது வந்துவிட்டது அவருக்குத் தெரிந்தது. தாடையில் தொடங்கித் தொண்டையில் இறங்கி நெஞ்சில் உட்கார்ந்துகொள்ளும் அந்தப் பழைய பூட்டு. பூட்டிக்கொண்டால் உள்ளே ஒருவிதச் சுகம்கூட இருக்கும். அதையும் அவர் அறிவார். மஸ்கிக்காரன் ஒருவனின் மீனை வலைபோட்டவர் தட்டிவிட்டால், அவர் அண்ணன் தம்பியானாலும் பேச்சு முறிவது எங்கள் ஊர் வழக்கம். யாரும் தப்புச் சொல்ல மாட்டார்கள். வெர்லின் குனிந்தபடி கொக்கியைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

ஆர்டிஸ் கொஞ்ச நேரம் அவரைப் பார்த்தார். பிறகு தன் தூண்டிலைச் சுருட்டினார். இரை வாளியை மூடினார். கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, மெல்லத் திரும்பி, கரையைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். பழகியவர் உட்காரும் விதம் அது. இந்த முதுகோடு அவர் எத்தனை குளிர்காலம் உட்கார்ந்திருப்பார் என்பது வெர்லினுக்கு அப்போதுதான் புரிந்தது. இந்த அம்மாள் இப்போதே விமானம் ஏறிவிட்டார், படகில் மிச்சம் இருப்பது லாயிடின் கோட்டுதான் என்றும் புரிந்தது. அவருக்கு நிஜமாகவே பயம் வந்தது.

பரவாயில்லை என்று சொல்லலாம். நாக்கு நுனிவரை வந்த சொல் அதுதான். ஆனால் பரவாயில்லை என்று சொல்லிவிட்டு ஒரு மாதம் வாயைத் திறக்காமல் இருக்கவும் தன்னால் முடியும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். ஜெனெட்டிடம் அவர் பேசிய கடைசிச் சொற்களில் பாதி ‘பரவாயில்லை’தான். வேறு சொல் எதுவும் கைவசம் இல்லை. இருந்தது ஒன்றே ஒன்று, அது அசிங்கமானது.

“எனக்குக் கோவமா இருக்கு,” என்றார்.

ஆர்டிஸ் தலையைத் திருப்பினார். “என்ன சொன்னீங்க?”

“கோவமா இருக்கு. பயங்கரக் கோவம்.” குரல் கரகரத்தது. “வலைய யாராவது பின்னாலேர்ந்து போடுவாங்களா? மீனுக்குக் கண்ணு வாலுலயா இருக்கு? தலைய நான் திருப்பிக் கொண்டு வரணும். நீ வலைய சும்மா பிடிச்சுக்கிட்டு நிக்கணும். சும்மா. அவ்வளவுதான் வேல. நீ என்னடான்னா பான்கேக்கத் திருப்பற மாதிரி திருப்பற.”

“எனக்கு யாரும் சொல்லித் தரலையே.”

“கேட்டியா நீ? இவ்வளவு பெரிய வலைய வெச்சிருக்கானே, எதுக்குன்னு கேட்டியா? சீர் வரிசன்னு கிண்டல் பண்ணின. அப்புறம், எட்டு போடறப்ப எதுக்குப் பேசின?”

“நீங்கதான பேசிக்கிட்டு இருந்தீங்க.”

“அது வேற.”

“அது எப்படி வேற?”

“வேறன்னா வேற,” என்றார் வெர்லின். மோட்டாரைக் கிளப்பினார். படகு துறையை நோக்கித் திரும்பியது. மோட்டார் சத்தத்தில் காதில் விழ வேண்டுமே என்று கத்தினார். கத்த ஆரம்பித்ததும் ஒரு விசித்திரம் நடந்தது: உள்ளே அடியில் கிடந்ததெல்லாம் ஒவ்வொன்றாக மேலே வந்தது. ஆர்டிஸ் படகில் உட்கார்ந்துகொண்டு மூக்கால் பாட்டு முனகுவது. இரை வாளியைத் திறந்தே போடுவது. போன மாதம் வெர்லினுடைய வண்டியைப் பின்னால் எடுக்கும்போது பக்கத்துக் கண்ணாடியைத் தபால் பெட்டியில் இடித்தது.

“அப்பவே ஏன் சொல்லல?” ஆர்டிஸும் இப்போது கத்தினார்.

“இப்பச் சொல்றேன்ல. அப்புறம் தேவாலயத்துல மீன் விருந்து போட்டாங்களே, அன்னிக்குப் போயி பாஸ்டர் பக்கத்துல உக்காந்த.”

“அதுக்கு என்ன?”

“என் பக்கத்துல ஒரு நாற்காலி காலியா இருந்துச்சு. யாரும் உக்காந்துடக் கூடாதுன்னு என் கோட்ட அதுமேல போட்டு வெச்சிருந்தேன். ராத்திரி முடியற வரைக்கும் கோட்டு இல்லாம நடுங்கிக்கிட்டு உக்காந்திருந்தேன். நீ பாக்கவே இல்ல.”

ஆர்டிஸ் கரையைப் பார்ப்பதை எப்போதோ விட்டுவிட்டு, முழங்காலில் கை வைத்து, நேராக வெர்லினைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே வந்த படகில் இரண்டு வாத்து வேட்டைக்காரர்கள் மோட்டாரை அணைத்துவிட்டு வாய் பிளந்து நின்றார்கள். பேருந்து ஓட்டிய காலமெல்லாம் பிள்ளைகளைக்கூட அதட்டாத வெர்லின் ஓப்டால் ஆற்றின் நடுவில் ஒரு பெண்மணியைப் பார்த்துக் கத்திக்கொண்டு போகிறார், அந்தப் பெண்மணி சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டு வருகிறார் என்று அன்று மாலையே ஊர் முழுவதும் சொன்னவர்கள் அவர்கள்தான். ஊர் நம்பவில்லை.

படகு துறையின் கற்களில் முட்டியது. வெர்லினுக்கு மூச்சு வாங்கியது. வாழ்நாளில் சேர்த்து வைத்ததை ஒரே மூச்சில் செலவழித்த களைப்பு.

“முடிஞ்சுதா?” என்றார் ஆர்டிஸ்.

“இல்ல.”

“சரி. மிச்சத்த வண்டில சொல்லு. மொதல்ல கெய்லுக்கு போன் போடணும். டிக்கெட்ட வேணாம்னு சொல்லணும்.”

“என்ன டிக்கெட்?” என்றார் வெர்லின்.

ஆர்டிஸ் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “திங்கக்கெழம டிக்கெட். நீ கேக்க ஆரம்பிச்சு, எட்டு போடறதுக்காகப் பாதியில விட்டியே, அதுக்குப் பதில் சொல்றேன். முழுசாக் கேக்கறதுக்குள்ள ஏப்ரல் வந்துடும் போலிருக்கு.”

தான் கேட்க வந்ததையே தான் மறந்துபோய்விட்டது வெர்லினுக்கு அப்போதுதான் உறைத்தது. கொட்டகையில் அவ்வளவு ஒத்திகை பார்த்த வாக்கியம் ஞாபகத்தில் ஒரு சொல்கூட இல்லை. அவர் ஆர்டிஸைப் பார்த்தார். வாய் மறுபடி மூடிக்கொண்டது. இந்தத் தடவை கோபம் இல்லை, ஆனால் பூட்டு அதே பூட்டுதான்.

ஆர்டிஸ் காத்திருந்தார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

“வெர்லின்,” என்றார். “ஏதாவது பேசு.”

அவர் தேடினார். நல்ல சொல், அழகான சொல், அந்த நேரத்துக்கு ஏற்ற சொல் எதுவும் கிடைக்கவில்லை.

“வலைய,” என்றார், குரல் உடைந்து, கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு. “வலைய மொதல்லயே தண்ணிக்குள்ள எறக்கி வெச்சிருக்கணும்.”

“சரி,” என்றார் ஆர்டிஸ். அவர் கையைப் பிடித்துக் கரையேறினார். “அடுத்த தடவ எறக்கி வெக்கறேன்.”